மொட்டைக் கடிதத்தில் ஓர் அண்ணன்

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய ஒப்புதல் படிவம் போன புதன்கிழமை வந்து சேர்ந்தது. உறையின் ஓரத்தில் பசை இரண்டு தடவை ஒட்டின மாதிரி இருந்தது. நடுவழியில் யாராவது பிரித்துப் பார்த்திருப்பார்களோ என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிரிக்காதே. உன் அம்மா ஏற்கெனவே சிரித்தாகிவிட்டது. "இந்த மனுசன் சாமி நேர்ல வந்து நின்னாலும் ஆதார் கார்டக் காட்டுங்கம்பாரு" என்று அடுப்படியிலிருந்தே சொன்னாள். சொல்லட்டும். காங்கேயத்தில் இருபத்தைந்து வருஷமாக வீட்டு முன்னறையில் ஜெராக்ஸ் மெஷினையும் கம்ப்யூட்டரையும் வைத்துக்கொண்டு ஊராருக்கு மனு எழுதிக் கொடுக்கிறவன் நான். காகிதத்தை நம்பிக் கெட்டுப்போனவர்களைத் தினமும் பார்க்கிறேன். எனக்குச் சந்தேகம் வராமல் வேறு யாருக்கு வரும்?

படிவத்தை நாலு பக்கமும் படித்தேன். பங்கேற்பது உங்கள் விருப்பம் என்று இருந்தது. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று இருந்தது. மூன்றாம் பக்கத்தில், 'உங்கள் பெயர் எங்கும் வெளியிடப்படாது, எண்ணால் மட்டுமே குறிப்பிடப்படுவீர்கள்' என்று இருந்தது. அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அடுத்த மாதம் நீ வேலைக்கு டெல்லி போகிறாய். அதற்குள் உன் ஆராய்ச்சிக்குப் பாக்கியிருக்கும் கடைசி நேர்காணலை முடிக்க வேண்டும், அது அப்பாவுடையது என்று போனில் சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாய். ரெக்கார்டரை முன்னால் வைத்தால் என் வாய் கட்டிப்போகும். அதனால் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். நிதானமாகப் படி. பாதியில் கோபம் வந்தாலும் கடைசிவரை படித்துவிடு.

ஆராய்ச்சி செய்கிறவர்கள்மேல் எனக்கு எப்போதுமே ஒரு கண் உண்டு. நான் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆடிய காலத்தில் கோயமுத்தூர் மைதானத்துக்கு இரண்டு மூன்று கூட்டம் வந்திருக்கிறார்கள். கையை அளந்தார்கள், தோளைப் படம் பிடித்தார்கள், நாற்காலிச் சக்கரத்தின் சாய்வைக் கூட அளந்தார்கள். "தோள்ல வலி இருக்குங்களா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நாங்கள் அத்தனை பேரும் "பரவாயில்லீங்க" என்றோம். வலி இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். நம் பக்கத்து ஆள் சாகக் கிடந்தாலும் கேட்டவர் மனம் நோகக் கூடாதென்று பரவாயில்லீங்க என்பான், அது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? நீ யாரிடமும் வலி இருக்கிறதா என்று கேட்காதே. பனியனைத் தலைவழியாகத் தானே கழற்ற முடிகிறதா என்று கேள். அப்போது உண்மை வரும். எனக்குப் பன்னிரண்டு வருஷமாக உன் அம்மாதான் கழற்றிவிடுகிறாள். உனக்கே இது தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வராமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நீ கண்டுபிடித்திருப்பாய்.

நான் ஆட ஆரம்பித்தபோது எனக்கு முப்பத்தைந்து வயது. மூன்று வயதில் வந்த போலியோ இரண்டு காலையும் எடுத்துக்கொண்டது. அதுவரை விளையாட்டு என்பது எனக்கு வேலிக்கு வெளியிலிருந்து பார்க்கிற காரியம். முதல் நாள் அந்த நாற்காலியில் ஏறி, சுற்றத் தெரியாமல் சுற்றி, நாற்காலியோடு பக்கவாட்டில் விழுந்தேன். சிரித்துக்கொண்டே ஒருவர் பக்கத்தில் வந்தார். "பந்தப் புடிக்கறது அப்பறங்க. உழுந்தா எந்திரிக்கறது எப்படின்னு மொதல்ல பாத்துக்கலாம்" என்றார். அவர்தான் ஆரோக்கியம். கோயமுத்தூரில் புலியகுளத்துக்காரர், கிணற்று மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற வேலை. அதனால் டீமில் எல்லாருக்கும் அவர் 'மோட்டார்'. என்னைவிட மூன்று வயது மூத்தவர், அதுவும் முதல் நாளே கைகொடுத்தவர். அவரை மோட்டார் என்று கூப்பிட எனக்கு நாக்கு வரவில்லை. நான் மட்டும் அண்ணா என்பேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் காங்கேயத்திலிருந்து பஸ் ஏறி சிங்காநல்லூரில் இறங்கினால், பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரோடு பஸ் ஸ்டாண்டு வாசலில் அவர் காத்திருப்பார். இரண்டு வருஷத்தில் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

அந்த ஆட்டத்தின் புள்ளிக் கணக்கு உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் என் புத்தி கெட்டது அங்கேதான். ஒவ்வொருவரையும் சோதித்து, இடுப்பும் முதுகும் காலும் எவ்வளவு வேலை செய்கிறதோ அதற்கேற்பப் புள்ளி தருவார்கள். உடம்பில் பலம் குறைந்தவருக்குக் குறைந்த புள்ளி. களத்தில் இறங்கும் ஐந்து பேரின் புள்ளியும் சேர்த்துப் பதினாலைத் தாண்டக் கூடாது. அண்ணனுக்கு இரண்டு புள்ளி. எனக்கும் இரண்டு. எங்கள் டீமின் கூட்டுத்தொகை சரியாகப் பதினாலு. ஆக, இரண்டு புள்ளிக்காரர் ஒருவருக்குத்தான் இடம். அண்ணன் நன்றாக ஆடுவார், அவர் இறங்குவார். நான் ஓரத்தில் துண்டோடு உட்கார்ந்திருப்பேன்.

நீ ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த வருஷம், அண்ணனின் தங்கைக்குப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சர்ச்சில் கல்யாணம் நடந்தது. நான் போயிருந்தேன். கடைசி வரிசைக்குப் பக்கத்தில் என் நாற்காலியைப் போட்டிருந்தார்கள். பாட்டுப் பாடி எல்லாரும் எழுந்தார்கள், நற்செய்தி வாசிக்கப் போகிறார்கள் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். முன்வரிசையைப் பார்த்தேன். அண்ணன் எழுந்து நிற்கிறார். கோட்டுப் போட்ட முதுகு, நேராக, பெஞ்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. இடுப்பில் பலமில்லை என்று பெல்ட்டால் நாற்காலியோடு கட்டிக்கொண்டு ஆடுகிற மனிதர் சர்ச்சில் எழுந்து நிற்கிறார். வாசித்து முடிக்கும்வரை நின்றார். அதற்குள் நான் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டேன். சோதனைக்குப் போனபோது இந்த ஆள் நடித்திருக்கிறார். இரண்டு புள்ளியே இவருக்குப் பொய். சிங்காநல்லூரில் வந்து கூட்டிக்கொண்டு போவதெல்லாம் என் வாயை அடைக்கத்தான். பந்தியில் அவரே பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு எனக்கு இன்னொரு கரண்டி பிரியாணி வைக்கச் சொன்னபோதுகூட, எதற்கு இந்த உபசாரம் என்றுதான் நினைத்தேன்.

ஏனுங்கண்ணா, எப்படி நின்னீங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டேன். கேட்கவில்லை கண்ணு. ஊருக்கு வந்து மூன்றாம் நாள், போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு மொட்டைக் கடிதம் டைப் அடித்தேன். கையெழுத்து தெரியக் கூடாதென்று டைப். கடைப் பிரிண்டரில் எடுத்தால் எழுத்தில் விழும் கோடு காட்டிக் கொடுக்குமென்று தாராபுரம் ரோட்டில் வேறொரு கடையில் பிரிண்ட். தபால் முத்திரையில் காங்கேயம் என்று விழக் கூடாதென்று என் பக்கச் சக்கர ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வெள்ளகோவில் போய் அங்கே பெட்டியில் போட்டேன். உன் அம்மாவிடம் எண்ணெய் ஆலைக்காரர் ஒருவரைப் பார்க்கப் போனதாகச் சொன்னேன். நியாயத்துக்காகச் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருக்குப் புள்ளி ஏறினால் பதினாலு பதினைந்தாகும், அவர் வெளியே வருவார், உள்ளே போகிற இரண்டு புள்ளிக்காரன் நான்தான் என்பதையும் வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டுதான் போனேன். பொறாமை என்று அதற்குப் பெயர். அதை அன்றைக்கு நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

அவரைத் திரும்பக் கூப்பிட்டுச் சோதித்தார்கள், மூன்று புள்ளி ஆக்கினார்கள். டீமில் மூன்று புள்ளிக்கு அவரைவிட இளைய ஆள் இரண்டு பேர் இருந்தார்கள். நான்கைந்து மாதம் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அண்ணன் வருவதை நிறுத்திவிட்டார். நான் சிங்காநல்லூரில் இறங்குவதை அதற்கு முன்பே நிறுத்திவிட்டேன். திருப்பூர் வழியாக காந்திபுரம் வருகிற பஸ் எனக்கு வசதி என்று அவரிடம் சொன்னேன். "அப்படிங்களா, சரிங்க" என்றார். சென்னைப் போட்டியில் நான் களத்தில் இருந்தது பதினோரு நிமிஷம், போட்டது ஒரே ஒரு கூடை. டீம் மூன்றாவதாக வந்தது. அந்த வெண்கலப் பதக்கத்தை நீ பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனாய், பிரேயரில் எல்லாருக்கும் காட்டினாய். திரும்பி வந்து, எங்க அப்பா ஜெயிச்சது என்று டீச்சர் சொல்லச் சொன்னாங்க என்றாய். அன்றைக்கு உனக்கு நான் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும்.

இன்னொன்றும் ஞாபகம் இருக்கும். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு கோயமுத்தூர் பஸ்ஸில் கண்டக்டர் கையில் ஒரு கேக் டப்பா வரும். ஆரோக்கியண்ணன் அனுப்புவது. தெரிந்து அனுப்புகிறாரா, தெரியாமல் அனுப்புகிறாரா என்று எனக்குப் புரியவே இல்லை. தெரியாமல் என்றால் தின்ன மனம் வரவில்லை. தெரிந்து என்றால் இதில் என்ன உள்குத்து இருக்கிறதோ என்று பயம். சர்க்கரை கூடிவிடும் என்று சொல்லித் தள்ளிவைத்துவிடுவேன். பதிமூன்று வருஷக் கேக்கையும் தின்றவள் நீதான்.

இப்போது அந்தப் பக்கங்களுக்கு வருகிறேன். போன மாதம் உன் நேர்காணல்களில் சிலவற்றை எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லிக் கொடுத்தாய். இதையெல்லாம் இன்னொருவரிடம் காட்டலாமா என்று நானே கேட்டேன். "பேரு, ஊரு எல்லாம் எடுத்தாச்சுங்கப்பா, நீங்க ஒற்று மட்டும் பாருங்க" என்றாய். பங்கேற்பாளர் ஏழு. சக்கர நாற்காலி விளையாட்டு வீரர்கள் ஏன் பாதியிலேயே விலகுகிறார்கள் என்பதுதானே உன் கேள்வி? ஏழாம் ஆள் பதில் சொல்லியிருந்தார். பேரை எடுத்துவிட்டாய், ஊரை எடுத்துவிட்டாய். தங்கச்சி கல்யாணத்தை எடுக்க மறந்துவிட்டாய். அல்லது மறக்கவில்லை.

"அன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் மாருவரைக்கும் இரும்புச் சட்டம் போட்டுட்டுப் போனனுங்க. ரெண்டு பேரு சேந்து காலைல கட்டி உட்டாங்க. தங்கச்சி கல்யாணத்துல நற்செய்தி வாசகத்துக்கு நிக்கோணும்னு ஒரு ஆசை. பெஞ்சப் புடிச்சுட்டு நின்னுபோட்டனுங்க. அதை யாரோ பாத்துப்போட்டு எழுதிட்டாங்க" என்று இருந்தது. அப்புறம் திரும்பச் சோதித்ததைப் பற்றி. "பெரிய டாக்டர் உள்ள வந்தாருங்க. நமக்கு உக்காந்தே இருக்க மனசு வருங்களா? நிக்கத்தான் முடியாது, ரெண்டு கையையும் ஊணி ஒரு சாண் எந்திரிச்சனுங்க, மரியாதைக்கு. அவிய ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. இடுப்புல பலமிருக்குதுன்னு எழுதிப்போட்டாங்க, முடிஞ்சுபோச்சு."

அந்தக் கடிதத்தைப் பார்த்தீர்களா என்று நீ கேட்டிருந்தாய். "காட்டுனாங்க. டைப் அடிச்சது, பேரு கெடையாது. ஆனா என்னை அண்ணன்னு போட்டிருந்துச்சுங்க. டீம்ல என்னை அண்ணன்னு கூப்புடறது ஒரே ஒருத்தருதானுங்க."

அந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன் கண்ணு. எழுத்தை மறைத்தேன், பிரிண்டரை மறைத்தேன், ஊரை மறைத்தேன். 'ஆரோக்கியம் அண்ணன் அவர்கள் எழுந்து நிற்பதைக் கண்ணால் கண்டவன் எழுதுவது' என்றுதான் ஆரம்பித்திருக்கிறேன். மூத்தவர் பேரை மொட்டையாக எழுத விரல் வரவில்லை. ஒரு மனிதனைக் கவிழ்க்க எழுதுகிற காகிதத்தில் மரியாதை குறையக் கூடாதென்று பார்த்திருக்கிறேன், என்ன பிறவியோ நான்.

யாரென்று ஏன் வெளியே சொல்லவில்லை என்று அடுத்த கேள்வி. "அவரூட்ல ஒரு பொம்பளப் புள்ளைங்க. அப்பன் மெடலைப் பள்ளிக்கோடத்துக்கு எடுத்துட்டுப் போயிக் காட்டுச்சுன்னு டீம்ல சொன்னாங்க. அதுக்கப்பறம் என்னத்தைச் சொல்றது? இப்ப அந்தப் புள்ள நல்லாப் படிச்சிருச்சு" என்கிறார். சிரிக்கிறார் என்று நீ குறித்திருக்கிறாய். அதன் கீழே, 'நேர்காணல் எடுப்பவர் சிறிது நேரம் பேசவில்லை' என்றும் நீயே குறித்திருக்கிறாய்.

ஒரு வாரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ ஏன் பேசவில்லை? அந்த இடத்தில் உனக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்துதான் பக்கங்களை என் கையில் கொடுத்தாயா? ஒற்றுப் பார்க்கச் சொன்னது சாக்கா? அதன் பின்னாலேயே ஒப்புதல் படிவம் வந்ததே, அது ஆராய்ச்சிக்கா, எனக்கு வைத்த பொறியா? உண்மையைச் சொல்கிறேன், உன்மேல் பயங்கரக் கோபம் வந்தது. பெற்ற மகளே வேவு பார்க்கிறாள் என்று அம்மாவிடம் கத்தினேன். என்னத்தை வேவு பார்க்கிறாள் என்று அவள் கேட்டாள். பக்கங்களை மேஜை டிராயருக்குள் போட்டு மூடினேன். போனில் உன் குரலைக்கூட அளந்து அளந்து கேட்டேன். சாப்டீங்களாப்பா என்று நீ கேட்டால், இதில் என்ன அர்த்தம் என்று யோசித்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் வைத்த பிரியாணியையும் அவர் அனுப்பிய கேக்கையும் பார்த்த அதே கண்ணால் உன்னையும் பார்க்கிறேன். அந்தக் கண்ணைத் தூக்கி எறிய எனக்குத் தெரியவில்லை. உன் வேலையில் சந்தேகப்படு, எண்களை ஒன்றுக்கு மூன்று தடவை சரிபார், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள்மேல் சந்தேகம் வந்தால் வாயைத் திறந்து கேட்டுவிடு. நான் கேட்காமல் விட்டது ஒரே ஒரு கேள்வி.

நேற்றுக் காலையில் கோயமுத்தூர் போனேன். பல வருஷத்துக்குப் பிறகு சிங்காநல்லூரில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் புலியகுளம். மடக்கு நாற்காலியை ஆட்டோக்காரர் விரித்துக் கொடுத்தார். அண்ணன் கடையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருக்கிறது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கையில் இருந்த செம்புக் கம்பியை மேஜைமேல் வைத்தார். இரண்டு கையையும் ஊன்றி, நாற்காலியிலிருந்து ஒரு சாண் எழுந்தார்.

"வாங்க" என்றார்.

"எந்திரிக்காதீங்கண்ணா" என்றேன். எனக்கு வேறென்ன செய்வதென்று தெரியவில்லை, நானும் கையை ஊன்றி ஒரு சாண் எழுந்தேன். தோள் உயிர் போகிற மாதிரி வலித்தது. இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

சொன்னேன். முழுசாகச் சொன்னேன், வெள்ளகோவில் தபால் பெட்டிவரை. முடித்த பிறகு, "தெரியுமுங்க" என்றார். மன்னிப்புக் கேட்கப் போனேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"அதெல்லாம் வேண்டாங்க. அது வெறும் வாய்ப்பேச்சு. எனக்கு அப்ப நாப்பது வயசு. இன்னும் ரெண்டு வருசம் ஆடியிருப்பனுங்க. அந்த ரெண்டு வருசத்தை நீங்க எங்க போயி எடுத்துட்டு வருவீங்க?"

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கம்பியைச் சுற்றினார். அப்புறம், "புள்ளைக்குத் தெரியுங்களா?" என்று கேட்டார்.

"தெரியுமோ என்னமோன்னு சந்தேகமா இருக்குதுங்கண்ணா."

"இதுலயும் சந்தேகங்களா?" என்றார். "அந்தப் புள்ள எங்கிட்ட வந்து பேசுனப்ப, எழுதுனது யாருன்னு நான் சொல்லல. அதுவும் கேக்கல. கெளம்பறப்ப மட்டும், வருசா வருசம் கேக் நல்லா இருந்துச்சுங்க பெரியப்பான்னு சொல்லிட்டுப் போச்சு. நீங்களே சொல்லிப்போடுங்க. அது அதுக்குத்தான் காத்துட்டிருக்குது."

நான் அவரை அண்ணா என்பேன், அதனால் உனக்கு அவர் பெரியப்பா. ஆக, உனக்குத் தெரியும். பஸ்ஸில் வரும்போது பல்லடம்வரை அழுதுகொண்டே வந்தேன், பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், வாங்கிக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கடைச் சுவரில் மாட்டியிருந்த டீம் போட்டோவை இறக்கிவிட்டேன். அதில் அண்ணன் இருக்க வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பதக்கத்தை என்ன செய்வதென்று நீ சொல். நீதான் அதை ஊருக்குக் காட்டினவள், முடிவும் உன்னுடையதாக இருக்கட்டும்.

படிவத்தை நிரப்பி இத்தோடு வைத்திருக்கிறேன். நாலு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில், பெயர் வெளியிடப்படாது என்கிற வரியை மட்டும் ஸ்கேல் வைத்து அடித்துவிட்டேன். உன் கைடு ஒத்துக்கொள்ள மாட்டார், விதி அப்படி என்பார், அவரோடு நீ பேசிக்கொள். அண்ணன் பேரை மறை, அது அவருடைய உரிமை. என் பேரை மறைக்காதே. பேரில்லாமல் எழுதி ஒரு தடவை தப்பித்துவிட்டேன், இன்னொரு தடவை எண்ணுக்குப் பின்னால் போய் ஒளிய மாட்டேன். பெயர் என்ற கட்டத்தில் இனிஷியலோடு, பெரிய எழுத்தில், என் கையால் எழுதியிருக்கிறேன். டைப் அடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வா கண்ணு. வருகிற வழியில் புலியகுளத்தில் இறங்கி, பெரியப்பா வருவாரா என்று கேட்டுப் பார். வரமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். வந்தால் முதலில் அவரிடம் பேசு, நான் ஓரத்தில் துண்டோடு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அப்பா